சில்லுக்கு வந்த வாழ்வு

நான் திருப்பரங்குன்றத்தில் படித்த காலத்தில் நாகரிகம் என்றால் சிந்துவெளி ஒன்றுதான். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மார்க். வகுப்புச் சன்னலில் தெரிந்த மலையிலேயே சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் இருப்பதாக எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அந்தப் படுக்கைகளில் ஊர் அண்ணன்மார் சீட்டாடினார்கள். இரண்டாயிரம் ஆண்டு எழுத்துக்குப் பக்கத்தில் காதலியின் பெயரையும் வெட்டிவைத்தார்கள். கல்வெட்டு மரபு அறுந்துபோகவில்லை என்று இப்போது பெருமைப்படலாம்.

கோடை விடுமுறை கொந்தகை அத்தை வீட்டில். தென்னந்தோப்பில் எங்கே மண்வெட்டி போட்டாலும் ஓடுதான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. வழவழப்பான துண்டாகப் பார்த்துக் கல்லில் தேய்த்து வட்டமாக்கினால் பாண்டி ஆடச் சில்லு தயார். தாழி தட்டுப்பட்டால் மட்டும் பெரியவர்கள் முகம் மாறும். "தொடாதீங்கடா, வயசானவுகள உள்ள குத்தவச்சுப் புதைச்சது!" அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

2015இல் மத்தியத் தொல்லியல் துறை பக்கத்துக் கீழடியில் குழி தோண்டியது. பிறகு மாநிலத் துறை வந்தது. ஊர் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் போகிறது என்று 2019இல் அறிக்கை வெளியானதும், திருப்பரங்குன்றம் சன்னதித் தெரு டீக்கடை முழுக்கத் தொல்லியலாளர்கள்! 'கார்பன் டேட்டிங்' சொல்லாமல் யாரும் வடை கடிப்பதில்லை. பானை ஓட்டில் கிடைத்த 'ஆதன்' என்ற பெயரைச் சொந்தக்காரர் ஒருவர் பேரனுக்கு வைத்துவிட்டார். மலைப் படுக்கைக்கு மட்டும் இன்னும் யாரும் ஏறக் காணோம். அது ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தார்கள். கூட்டம் குறைந்தபின் அத்தையையும் கூட்டிப் போனேன். தலைக்கு 15 ரூபாய் டிக்கெட். செட்டிநாட்டுப் பாணிக் கட்டடம். அத்தை தூணைத் தட்டிப் பார்த்து, "பொண்ணு குடுக்கலாம்டா, நல்ல வீடு" என்றார். தங்கம், தந்தப் பகடை, சூதுபவளம் எதற்கும் நிற்கவில்லை. வட்டச்சில்லுகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால்தான் நின்றார்.

"இதத்தானடா, வீட்டுக்குள்ள கொண்டாராதேன்னு கூடை கூடையா அள்ளிக் கொட்டுனேன்?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அங்கே நின்ற பணியாளர் ஆர்வமாகப் பக்கத்தில் வந்தார். "எந்த எடத்துலம்மா கொட்டுனீங்க?"

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "அது எங்கம்மா வீட்ல தம்பி. ரொம்பத் தூரம்."

கொந்தகைத் தோப்பில் தென்னை இன்னும் நன்றாகக் காய்க்கிறது.