பொன்னாடைக்கு முந்தி

கேள்வி: எங்கடை கந்தோரில் 22 வருசம் பியோனாக இருந்தவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பொன்னாடை போர்த்துவதா, சுவர் மணிக்கூடு கொடுப்பதா என்று ஒரு மணித்தியாலம் கூட்டம் போட்டும் முடிவில்லை. (முகாமையாளர், சுன்னாகம்)

பதில்: அந்தக் கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தவர் அவர்தானே? அவரிட்டையே கேட்டிருக்கலாம். இனி நேரம் பார்க்கத் தேவையில்லை என்று வீட்டுக்குப் போகிற மனுசனுக்கு மணிக்கூடு எதுக்கு? முதலில் கணக்குப் புத்தகத்தைத் திறவுங்கோ. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமென்றால், 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருசத்துக்கு அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். 22 வருசத்துக்கு 11 மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கையில் இருக்கவேணும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கடை பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். இவை மாதா மாதம் போனதா என்றும் பாருங்கோ. அவருடைய சம்பளத்தில் 8 வீதம் வெட்டினது மட்டும் பிசகாமல் நடந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதெல்லாம் கடன். பாராட்டுக்கு இன்னும் நீங்கள் வரவேயில்லை.

கேள்வி: இங்கே ஏப்ரலில் அலுவலக உதவியாளர்களுக்கென்று ஒரு நாள் உண்டு. பூச்செண்டு கொடுப்போம். ஊரிலும் தொடங்கினால் என்ன? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: 1952இல் அமெரிக்காவில் செயலாளர்களுக்கான வாரமாகத் தொடங்கினது அது. விளம்பரக்காரர் ஒருவரின் கையும் அதில் இருந்தது. பூக்கடைக்காரர் இன்றைக்கும் அவரைக் கும்பிடவேணும். எங்களுக்கு ஏப்ரலில் சித்திரை வருசப்பிறப்பு இருக்குது. வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் கொடுத்தால் காசு வாடாது. புதுத்தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த சித்திரை மட்டும் சொல்லிக் காட்டுகிற முதலாளிமாரும் இருக்கினம்தான்.

கேள்வி: எங்கடை கந்தோர்ப் பெரியவரின் மணிவிழா மலரில் சிற்றூழியர் படமும் போடவேணுமா? (பெயர் வேண்டாம், கைதடி)

பதில்: மலரில் பாதி வாழ்த்துச் செய்தி, மீதி பெரியவர் மாலையோடு. இடம் கஷ்டம்தான். குழுப்படம் எடுக்கிற நேரம் துப்புரவு அக்கா கதிரை அடுக்கிக்கொண்டிருப்பா. அவ வரும் மட்டும் படப்பிடிப்பாளரை மறித்து வையுங்கோ. கீழே ‘மற்றும் சிற்றூழியர்கள்’ என்று போடாமல் பெயரைப் போடுங்கோ. முழுப்பெயர் தெரியாவிட்டால் மலரை ஒரு கிழமை பிந்திப் போடலாம்.

கேள்வி: எங்களுக்குப் பீங்கான் கோப்பை, சுத்திகரிப்புத் தொழிலாளிக்குப் பேப்பர் கப். சுகாதாரமாம். (கிளாக்கர், நெல்லியடி)

பதில்: சுகாதாரமென்றால் பெரியவருக்கும் பேப்பர் கப் வரட்டும். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல். அதற்குப் பத்து வருசம் கழித்தும் குடாநாட்டுத் தேத்தண்ணிக் கடைகளுக்குள் போய் இருந்து குடிக்க ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் போராடவேண்டி இருந்தது. அந்தப் போராட்ட காலத்தில் உயிர்களும் போயின. இது பகிடிக்குரிய கேள்வி இல்லை. நாளைக்கே அலுமாரியில் இருக்கிற நல்ல கோப்பையை எடுங்கோ. குடித்த பிறகு நீங்களே கழுவி வையுங்கோ.

கேள்வி: நான் அலுவலக உதவியாளர். ‘நீங்கள் இல்லாட்டி இந்தக் கந்தோரே இல்லை’ என்று பெரியவர் எல்லாருக்கும் முன்னால் சொல்லுவார். பிறகு பின்னேரத்தில் பழைய கோப்பொன்று தேடச் சொல்லுவார். காரைநகர் கடைசி பஸ் போய்விடும். (பெயரில்லை)

பதில்: அந்த வசனத்தை எழுதிக் கையொப்பம் வைத்து உங்கடை தனிப்பட்ட கோப்பில் போடச் சொல்லுங்கோ, பதவியுயர்வுக்கு ஆகும். பஸ் போனால் அவரின் வாகனத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்லிக் கேளுங்கோ. இருட்டுக்குள்ளே பொன்னாலைப் பாலம் தாண்டிப் போய்த் தனியத் திரும்பி வந்தாரென்றால், அடுத்த கோப்பு அவருக்குக் காலமை ஒன்பது மணிக்கே தேவைப்படும்.