மாப்ளே, கருப்பே அடிச்சுடு

வா மாப்ளே. வாசல்ல புது வண்டி நிக்குதுன்னு உங்க அத்தை சொன்னா. பாக்கலாம்னு துண்டை உதறிப் போட்டுகினு வந்தா, பழைய வண்டி. சரி, உனக்குப் புதுசு, அது போதும். அட்வான்ஸ் மட்டும் குடுத்துட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாக்கறேன்னு எடுத்துகினு வந்தியாமே? புத்திசாலி. பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்ளோ யோசனை பண்ணலை.

இன்னா, சீட்டு கலர் புடிக்கலையா? பீஜ் கலரு அழுக்காத் தெரியுதா? அடிச்சுடு மாப்ளே, கருப்பே அடிச்சுடு. கருப்பு அடிச்சா அழுக்கு எங்கயும் போயிடாது, நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான். உங்க தாத்தா அறுபது வயசுல காவி வேட்டிக்கு மாறினாரே, ஊரே கையெடுத்துக் கும்புட்டுது. உங்க பாட்டி மட்டும் சிரிச்சா. வாரத்துக்கு ஒரு தரம் தோய்ச்சா போதும்னு அவளுக்குத்தானே தெரியும்.

கொஞ்சம் நவுரு, நானும் உக்காந்து பாக்கறேன். அடேங்கப்பா, உள்ள இன்னா இப்படி மணக்குது! கண்ணாடியில ஒண்ணு, ஏசி ஓட்டையில ஒண்ணு, ரெண்டு வாசனை டப்பா. பெருமாளுக்குக்கூட ஒரு நாளைக்கு இவ்ளோ பூ சாத்த மாட்டாங்க. இருக்கட்டும்.

இது யார் ஓட்டின வண்டின்னான் புரோக்கரு? டாக்டரா? சித்தூர் டவுன்ல, ஒரே கை, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ட்டு வந்த வண்டி, முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டரு. நல்லது. பின்சீட்டுல தலை சாய்க்கிற இடத்தைப் பாரு. மூணு எடத்துலயும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளா வட்டம். மோந்து பாரு. சந்தனம் மாப்ளே. மொட்டை போட்டுட்டுத் தலை நெறைய சந்தனம் பூசிகினு சாஞ்சவங்க வெச்ச முத்திரை அது. டாக்டரு தினமும் மொட்டை போடுவாரா? வீட்டுல எல்லாரையும் கூட்டிகினு போய்ப் போடுவாரா? சீட்டு இடுக்குல விரலை விடு. பிசுபிசுன்னு வருதா? நெய்யி, கூடவே ஒரு பூந்தி. டோர் பேடுல செவப்பா ஒரு கீத்து தெரியுதே, அது குங்குமம் இல்லை, மஞ்சள். யாரோ சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்சிருக்கான். மஞ்சளு சோப்பைக் கண்டா செவந்துடும், உங்க அத்தையைக் கேளு.

ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாரு, கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்குது. பிரேக் மிதி ரப்பரு ஒரு ஓரமாத் தேஞ்சு போயிருக்குது. முப்பத்தெட்டாயிரத்துல இப்படித் தேயணும்னா டாக்டரு காலு இல்லை, யானைக் காலு. திருமலை அடிவாரத்துல, அலிபிரியில செக்கிங்குக்கு நின்னு நின்னு, மலை ஏறி எறங்கின வண்டி மாப்ளே இது. வெள்ளை நம்பர் பலகை போட்டுகினு டாக்சி வேலை பாத்திருக்குது. நீ கருப்பு அடிச்சுட்டா இவ்ளோ சாட்சியும் போயிடும். புரோக்கருக்கு நீ பண்ற உபகாரம் அது. அதான் 'இன்டீரியர் மட்டும் மாத்திக்கோங்க சார், புது வண்டி ஆயிடும்'னு சொல்லி அனுப்பியிருக்கான்.

அவன் சொல்றதும் தப்பில்லை. நம்ம ஜில்லாவையே எடுத்துக்கோ. 1911-ல வட ஆற்காட்டுலருந்து கழட்டி சித்தூர் ஜில்லான்னாங்க. 1953-ல ஆந்திரான்னு போர்டு மாத்தினாங்க. 1960-ல திருத்தணியைக் கழட்டி மெட்ராஸ் பக்கம் மாட்டினாங்க. 2022-ல திருப்பதியைத் தனி ஜில்லாவாக்கினாங்க. இத்தனை தரம் கவரு மாத்தியும் சேஸிஸ் நம்பரு ஒண்ணுதான். நம்ம கொல்லைக் கெணத்துல தண்ணி அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை.

பெல்ட்டை ஏன் இழுத்து இழுத்து வுடறேன்னு பாக்கறியா? சும்மா மாப்ளே, வயசானா கை சும்மா இருக்காது.

இந்தக் கருப்பு அடிக்கிற வேலையில நான் பெரிய கை, தெரியுமா? என் அம்பாசடர் கதையை உங்க அத்தை உனக்குச் சொல்லலையா? செவப்பு ரெக்சின் சீட்டு, வெளுத்து வெங்காயத் தோல் கலருக்கு வந்துடுச்சு. குஷன் கடையில கேட்ட ரேட்டு எனக்கு ஆகலை. வாசல் கேட்டுக்கு அடிச்ச கருப்பு எனாமல் பெயிண்டு அரை டப்பா மீதி இருந்துச்சு. அடிச்சேன். மூணு நாள்ல மொகம் தெரியுது சீட்டுல. நாலாம் நாளு திருமலையில ஒரு கல்யாணம், மாப்பிள்ளையோட அப்பா என் வண்டியில. பட்டுக் கரை போட்ட வெள்ளை வேட்டி. 1974-ல தெறந்த ரெண்டாவது காட் ரோடுல ஏறினோம், எறங்கறதுக்குத்தான் 1944-ல போட்ட பழைய ரோடு. சித்திரை வெய்யிலு. மேல போய் கதவைத் தெறந்தா மனுஷன் எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. நான் கையைப் புடிச்சு இழுத்தேன். பலாப்பழத்துலருந்து சொளையைப் பிய்க்கிற மாதிரி 'பர்ர்'னு ஒரு சத்தம். வேட்டிப் பின்னால சீட்டுத் தையல் நாலு கோடும் அச்சடிச்ச மாதிரி கருப்பா! முகூர்த்தம் முடியற வரைக்கும் செவுத்தை ஒட்டியே நின்னாரு. அன்னிக்கு மலையில யாருக்கும் முதுகைக் காட்டாத ஒரே பக்தரு அவருதான்.

அப்புறம் ஒரு குஷன் கடைக்காரர் சொல்லித்தான் வெவரம் புரிஞ்சுது. ரெக்சினு வளையணும்னு அதுக்குள்ள ஒரு எண்ணெயைக் கலக்கறாங்க. அந்த எண்ணெய் மெதுவா மேல வந்துகினே இருக்கும். எனாமல் பெயிண்டுல அது ஊறிச்சுன்னா ஏழு ஜென்மத்துக்கும் காயாது. ரெக்சினுங்கிறதே இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம் ஹைட்ங்கிற ஊருல இருந்த ஒரு கம்பெனி பேரு. கம்பெனி போயிடுச்சு, பேரு மட்டும் நம்ம குஷன் கடையில கால் மேல கால் போட்டு உக்காந்துகினு இருக்குது. ரெக்சினுக்குன்னே வளையற பெயிண்டு இருக்குது, வினைல் ஸ்ப்ரேன்னு கேளு. அதைத் தோசைக்கு எண்ணெய் வுடற மாதிரி லேசா அடிச்சு, காய வுட்டு, மறுபடி லேசா அடிக்கணும். ஒரே தரத்துல மூடணும்னு அடிச்சா ஆறு மாசத்துல அப்பளமா உரியும்.

அடிக்கறதுக்கு முன்னாடி தொடைக்கணும் பாரு, அதுலதான் உன்னை மாதிரி அவசரக்காரங்க மாட்டுவீங்க. டாஷ்போர்டு பளபளன்னு இருக்குதே, அது சிலிக்கோன் பாலிஷ். கொஞ்சம் மிஞ்சினாலும் பெயிண்டு ஒட்டாது, மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா வெலகி நிக்கும். சோப்புத் தண்ணி போட்டுத் தேச்சு, அப்புறம் ஐசோபுரொப்பைல்னு ஒரு ஸ்பிரிட்டு விக்கறான், அதால தொடைக்கணும். உன் தம்பி கண்ணுல காட்டாதே, அது குடிக்கிறது இல்லை. தின்னரு வேணாம், பிளாஸ்டிக்கு வெடிச்சுடும்.

பிளாஸ்டிக்குலயும் சாதி உண்டு மாப்ளே. ஏதாவது ஒரு பாகத்தைக் கழட்டித் திருப்பிப் பாரு, உள்பக்கம் சின்ன எழுத்துல அச்சு இருக்கும். ஏபிஎஸ்னு இருந்தா நல்ல பொண்ணு, பெயிண்டைச் சுலபமா ஏத்துக்கும். பிபின்னு இருந்தா அது பாலிபுரொப்பிலீன், தாமரை இலை மாதிரி, எதையும் ஒட்ட வுடாது. அதுக்குன்னு ஒட்டறதுக்கு ஒரு பிரைமர் அடிச்சுத்தான் கலரு. டாஷ்போர்டுக்கு மின்னாத கலரா வாங்கு. பளபளன்னு அடிச்சா வெய்யிலு அதுல பட்டு முன்கண்ணாடியில நிழலாடும், காட் ரோடு வளைவுல லாரியும் தெரியாது, மாடும் தெரியாது. ஏர்பேக் மூடி இருக்கிற எடத்துல கையே வெக்காதே. அது கிழியற கோட்டைப் பெயிண்டு ஊத்தி அடைச்சுட்டா அப்புறம் ஏர்பேக் எதுக்கு?

சீட்டு லெதர்னு சொன்னானா? ஓரத்துல தையல் விட்ட எடத்தைத் திருப்பிக் காட்டு. உள்ள பின்னல் துணி தெரியுதா? அப்ப அது ரெக்சினு. நாரு நாரா இருந்தாத்தான் தோலு. நம்ம எல்லையைத் தாண்டினா ராணிப்பேட்டை, அங்க தோல் ஷாப்புல பாத்திருக்கேன். கார் சீட்டுத் தோலுக்கு முக்கால்வாசி கலரு மேல ஸ்ப்ரேயில போடற சொக்காதான். அதனால தோலுக்கு மறுகலர் அடிக்கறது சுலபம், பழைய சொக்காயைத் தொடைச்சுட்டுப் புதுசு போடறது. உனக்குத்தான் தோலே இல்லையே.

சீட்டு நடுவுல இருக்கிறது துணி. அதுக்குத்தான் டை வாங்கிகினு வந்திருக்கியா? எங்க, பாக்கெட்டைக் காட்டு. காட்டன் சேலைக்குப் போடற டை! காளாஸ்திரிக்குப் போய் கலம்காரி போடறவங்களைப் பாத்துட்டு வா மாப்ளே. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த தண்ணியில நனைச்சுக் காய வெப்பாங்க. பாலு எதுக்குன்னா, கலரு பரவாம இருக்க. துருப்புடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணியில போட்டு நாள் கணக்கா ஊற வெச்சு, அந்தத் தண்ணியை மூங்கில் பேனாவால தொட்டுக் கோடு போடுவாங்க. போடறப்ப அது வெறும் தண்ணி. கடுக்காய்த் துவர்ப்போட இரும்பு சேந்ததும் கண்ணெதிர்லயே கருப்பாயிடும். சேலை கிழிஞ்சாலும் அந்தக் கருப்பு போகாது. ஏன்? நூலு பருத்தி, புடிச்சுக்கும். உன் சீட்டு பாலியஸ்டரு. அதுக்குள்ள கலரு போகணும்னா மில்லுல 130 டிகிரி சூட்டுல வேக வெக்கணும். காரை அண்டாவுல போட்டு வேக வெக்க முடியுமா? இந்த டையை அடிச்சீன்னா சீட்டு கருப்பாகாது, உக்காந்தவங்க கருப்பாவாங்க. அந்த வெள்ளை வேட்டிக்காரர் கதையை நீ ஒரு தரம் நடத்திப் பாக்கணும்னு ஆசைப்பட்டா, என்னைக் கூப்புடு, தள்ளி நின்னு பாக்கறேன்.

துணிக்குக் கவருதான் வழி. சீட்டு ஓரத்துல ஏர்பேக்னு சின்ன லேபிளு தச்சிருந்தா, அந்தப் பக்கம் தையல் திறந்துக்கற கவரா கேட்டு வாங்கு. வெளிக் கலரு மாத்தினா ஆர்.சி.யில ஏத்தணும், உள்ள நீ பச்சை அடிச்சாலும் ஆபீஸ்ல கேக்க மாட்டாங்க. வீட்டுல கேப்பாங்க. அப்புறம் கருப்பு சீட்டுல நம்மூரு மே மாச வெய்யிலு எப்படி இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அரை டிராயர் போட்டுகினு உக்காரு, அதுவே சொல்லும்.

சரி, நான் இந்த பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துட்டேன். இங்க வா, குனிஞ்சு பாரு. சுருளுக்குள்ள இருந்த பாகம், யாரும் இழுக்காத எடம். குறுக்கால ஒரு பழுப்புக் கோடு. நகத்தால சுரண்டு. பொடி பொடியா உதிருது பாரு, வண்டல் மண்ணு. சீட்டு தண்டவாளத்துல கையை வுடு, துரு. இப்ப அந்த ரெண்டு வாசனை டப்பாவையும் கழட்டிக் கீழ வெச்சுட்டுக் கதவைச் சாத்தி மூச்சு இழு. நுரைக்குள்ள ஊறின தண்ணி மாப்ளே, கெணத்துப் பாசி மாதிரி வருதா?

2015 டிசம்பர்ல மெட்ராஸ்ல முழுகினதோ, 2021 நவம்பர்ல திருப்பதித் தெருவுல வெள்ளம் ஓடினப்ப நின்னதோ, வேற எந்த ஏரி ஒடைஞ்சதோ, எனக்குத் தெரியாது. ஆனா நீ மெனக்கெட வேணாம், உனக்கு முன்னாடியே தண்ணி உள்ள எறங்கி ஒரு கலரு அடிச்சுட்டுத்தான் போயிருக்குது.

அழாதே. அட்வான்ஸ் தானே குடுத்திருக்கே. புரோக்கருக்கு ஃபோன் போடு. வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதே. 'அண்ணா, வண்டி ரொம்பப் புடிச்சிருக்கு, முழுப் பணமும் ரெடி. எங்க மாமா பழைய காலத்து ஆளு, ஞாயித்துக்கெழமை காணிப்பாக்கம் வரைக்கும் வந்து, தெப்பக்குளத்துல முழுகி, புள்ளையார் முன்னாடி இது டாக்டர் வண்டின்னு ஒரே ஒரு சத்தியம் பண்ணிக் குடுக்கச் சொல்றாரு'ன்னு மட்டும் சொல்லு. பொய்ச் சத்தியம் பண்ணவனை அந்தப் புள்ளையாரு சும்மா வுட மாட்டாருன்னு இந்தப் பக்கத்துல அரசியல்வாதிக்கே தெரியும், வண்டி புரோக்கருக்குத் தெரியாதா?

போடு, ஸ்பீக்கர்ல போடு. ரிங்கு போவுதா? உங்க அத்தையை காப்பி கலக்கச் சொல்லு, அட்வான்ஸை அவனே கொண்டாந்து குடுப்பான், வர்றவனுக்கும் சேத்து ஒரு தம்ளர்.