ஐந்தாம் மாடியும் அடைத்த கிணறும்

பாமன்கடைச் சந்தியில் நின்று நிமிர்ந்தால் இன்றைக்கு வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையின் இரண்டு பக்கமும் ஐந்து, ஆறு, எட்டு மாடி என்று தொடர்மாடிகள். ஹவ்லொக் வீதிப் பக்கம் திரும்பினால், வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த பெரிய வளவில் ஹவ்லொக் சிட்டிக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கே 2023 இல் திறந்த கடைத்தொகுதியில் வெயில் படாமல் ஒரு முழுநாளைக் கழித்துவிடலாம். ஆலை வேலை முடிந்து சாரமும் சேலையுமாகக் கூட்டமாக வெளியே வந்தவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இந்தச் சந்தியில் 141, 120 பஸ்களுக்குக் காத்து நின்றே வளர்ந்தவள் நான். இங்கே வசதிகள் எப்படி வந்தன, யாருடைய காசில் வந்தன, வரும்போது எதை இல்லாமற் செய்தன என்று எழுதி வைக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் நினைப்பு.

எழுபதுகளில் நாங்கள் இருந்தது ஓடு போட்ட வாடகை வீடு. அப்பா அரசாங்க உத்தியோகம், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வீட்டின் பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு பலாமரம், வேலிக்கு அப்பால் வாய்க்கால். மழை பிடித்தால் வாய்க்காலிலிருந்து கபரகொய்யா ஏறி வந்து கிணற்றடி ஈரத்தில் படுத்துக் கிடக்கும். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர். அது லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது என்று அப்பா சொல்லித் தந்தார். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் கிணறுதான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. அம்மாவின் உள்ளங்கைகளைப் பார்த்தவள் நான். விடியுமுன் எழும்பிக் கப்பிக் கயிற்றை இழுப்பார், விறகடுப்பை ஊதுவார், அம்மியில் அரைப்பார். பாணுக்கு வரிசை நின்ற ஆண்டுகளில் இருட்டோடு என்னையும் எழுப்பிக்கொண்டு போவார். வீட்டில் வசதி என்று எதைச் சொன்னாலும் அதன் அடியில் அம்மாவின் உடம்பு இருந்தது. அதனால்தான் மின்சார ஆட்டுக்கல்லைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப் போவதில்லை.

மாதத்துக்கு ஒருமுறை மிளகாய்த்தூள் வேலை. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் அம்மா தனித்தனியாக வறுப்பார். மிளகாய் வறுக்கும்போது ஒழுங்கை முழுக்கத் தும்மும். பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தனக்கும் ஒரு போத்தல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். வறுத்ததைத் தகரத்தில் போட்டு வெள்ளவத்தை மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்துக்கொண்டு வருவோம். திரித்த தூள் கை சுடும். சூடு ஆறுமுன் போத்தலில் அடைத்தால் கட்டிபட்டுப் போகும் என்று பழைய வீரகேசரித் தாளை விரித்துப் பரப்பி வைப்பார். தாளில் கைவிரல் சாடையாகப் பட்டால்கூட அடி விழும். இன்றைக்கு எங்கள் தொடர்மாடியில் மிளகாய் வறுக்க ஏலாது. ஒரு வீட்டில் வறுத்தால் ஆறு வீட்டுக்கு இருமல். ஆகவே பைக்கற்றில் வாங்குகிறோம். நல்ல தூள்தான், குறை இல்லை. ஆனால் மதிலுக்கு மேலால் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு, பிரிட்ஜும் மின்விசிறியும் நடுத்தர வீடுகளுக்குள் வந்தன. 1982 இல் ரூபவாஹினி தொடங்கியபோது ஒழுங்கைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது, அந்த வீட்டு விறாந்தையில் எல்லாரும் இருந்தோம். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே ஒழுங்கையில் தமிழர் வீடுகள் எரிந்தன. தூள் கேட்ட அன்ரி எங்களைத் தன் குசினிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். பிறகு முகாம், கப்பல், காங்கேசன்துறை. மின்விசிறியும் பிரிட்ஜும் யாருடைய கையில் போயினவோ தெரியாது. அம்மா அவற்றைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. அம்மி போய்விட்டதே என்று மட்டும் சொன்னார்.

தொண்ணூறுகளில் நாங்கள் திரும்பி வந்த பாமன்கடை வேறு. வடக்கில் போர். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. பாஸ் எடுத்து, வவுனியா தாண்டி, எப்படியோ கொழும்பு வந்து சேர்ந்தவர்களால் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நிறைந்தன. லொட்ஜ்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பலருக்கு இது தங்குமிடம் மட்டும்தான், மனம் கனடாவிலும் லண்டனிலும் இருந்தது. அவர்களைச் சுமந்த வசதிக்குப் பெயர் கொமியூனிகேஷன்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் தொலைபேசி எடுக்க விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். காலி வீதியிலும் மாவத்தையிலும் இருபதடிக்கு ஒன்றாக அந்தக் கடைகள் இருந்தன. பலகையால் அடித்த இரண்டு கூடுகள், உள்ளே ஒரு முக்காலி, சுவரில் சிவப்பு எழுத்தில் ஓடும் காசுக் கணக்கு. பேசுகிறவரின் கண் முழுக்க அந்தச் சிவப்பு எழுத்தில்தான் இருக்கும். கதவு சாத்தினாலும் வெளியே கேட்கும், வெளியே நிற்பவர்கள் கேட்காதது போல வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெளியிலிருந்து கோல் வந்தால் கடைப் பெடியன் வீட்டுக்கு ஓடி வருவான்: "அக்கா, உங்களுக்குக் கனடாக் கோல். பத்து நிமிசத்தில திருப்பி எடுக்கினமாம், கெதியா வாங்கோ." அம்மா சேலையைச் சரி செய்துகொண்டே செருப்பில்லாமல் ஓடுவார். அண்ணா அந்தப் பக்கம் ஸ்காபரோவில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி, எண்களை அழுத்தி, இணைப்புக் கிடைக்கும் வரை மறுபடி மறுபடி முயல்வார். கிடைத்தால் அம்மா முதலில் கேட்பது, "சாப்பிட்டியா?" அதற்கே ஒரு நிமிடம் போய்விடும். காசு உண்டியலில் வரும். தொகையும் தொலைபேசி எண்ணும் எழுதிய துண்டோடு ஒருவர் கதவைத் தட்டுவார், எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார்.

இப்போது அண்ணாவின் முகத்தை வட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறேன், ஒரு சதம் செலவில்லை. இது பெரிய கொடை, இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. அம்மா இருந்த காலத்தில் இது வந்திருக்க வேண்டும்.

அந்த உண்டியல் காசுதான் இங்கே தொடர்மாடியாக எழும்பியது என்று சொன்னால் அது மிகை அல்ல. வெளிநாட்டில் இரட்டை வேலை செய்த பிள்ளைகள், பெற்றோருக்குக் கொழும்பில் பத்திரமான ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தார்கள். மயூரபதி அம்மன் கோயில் நடக்கிற தூரம், தமிழ்ச் சங்கமும் இராமகிருஷ்ண மிஷனும் பக்கம், தமிழில் கதைத்து மரக்கறி வாங்கச் சந்தை. ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன. நாங்கள் வாடகைக்கு இருந்த வளவும் கைமாறி, அதில் தொடர்மாடி எழும்பியபோது அண்ணா ஐந்தாம் மாடியில் ஒரு வீடு வாங்கினார். நான் அதில்தான் இருக்கிறேன். லிப்ட், கூரைத் தொட்டி, ஜெனரேற்றர், வாசலில் காவலாளி, தரையெல்லாம் மாபிள். கிணற்றைக் கொங்கிரீற் பலகை போட்டு மூடிவிட்டார்கள். பலாமரத்தையும் தறித்தாயிற்று.

வீட்டை வாங்கியவர்கள் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருந்தார்கள், வசிப்பவர்கள் இங்கே. எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு அதோடு வாழ வேண்டிய தேவை இருக்கவில்லை. அன்பில் குறைவில்லை. ஆனால் எழுபது வயதில் முழங்கால் நோவோடு ஐந்தாம் மாடியில் இருப்பது எப்படி என்று முப்பது வயதில், இன்னொரு நாட்டில் இருந்துகொண்டு யோசிப்பது கடினம்.

சமையலில் வந்த மாற்றத்தைச் சொல்லும்போது ஒரு பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஒற்றை அறையில் இருக்கிறார், வன்னியிலிருந்து வந்தவர். விடிகாலை மூன்றரைக்கு எழும்பி இடியப்பம் பிழிகிறார். ஆறரைக்கு ஓர்டர்கள் பைகளில் கட்டி வாசலில் தொங்கும். மாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைக்கும்போது அவருடைய வலது கைப் பெருவிரல் மடங்காமல் விறைத்து நிற்பதைக் கவனித்திருக்கிறேன். வருடக் கணக்கில் உரலை அழுத்தியதன் விளைவு. இந்த ஊரில் அநேகமாக எந்த வீட்டிலும் இப்போது இடியப்பம் பிழிவதில்லை. அம்மாவின் கைகளிலிருந்து இறங்கிய பாரம் எங்கே போயிற்று என்று கேட்டால், ஒரு பங்கு இயந்திரத்துக்குப் போனது, ஒரு பங்கு இவருடைய பெருவிரலுக்குப் போனது. பத்து ரூபா கூட்டிக் கேட்டார் என்று முணுமுணுப்பவர்களிடம் நான் இதைச் சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன்.

கடையில் வாங்க முடியாத ஒரு வசதியையும் இங்கே எழுத வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பால் மா வாங்கப் போகும்போது அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு இரண்டும் கையில் இல்லாமல் போவது. போர்க்காலத்தில் அது நடக்காது. 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியுமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழர்களைத் தட்டி எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த வாரம் எங்கள் ஒழுங்கையில் யாரும் ஓட்டோ பிடித்து வெளியே போகவில்லை. இன்று கைத்தொலைபேசியில் பிக்மீயைத் தட்டினால் ஓட்டோ வாசலுக்கு வருகிறது, காசு எவ்வளவு என்று முன்கூட்டியே காட்டுகிறது. உடைந்த சிங்களத்தில் பேரம் பேச வேண்டியதில்லை. எந்தச் சந்தியிலும் இறக்கி விசாரிப்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவதுதான் பெரிது.

பிறகு 2022. மார்ச் 31 ஆம் திகதிக்கு 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்கள். டீசல் இல்லாமல் ஜெனரேற்றர் நின்றது. பம்பி ஓடாததால் கூரைத் தொட்டி வற்றியது. லிப்ட் நின்றது. அந்த வெயிலில் எங்கள் கட்டடத்தின் முழு வசதியும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. 2,675 ரூபாயாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாயானது, அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மாபிள் தரையில், ஜன்னல் திறக்காத குசினியில் விறகு எரிக்க முடியாது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. இடியப்பக்கார அக்கா மட்டும் முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். அந்த ஒழுங்கைக்கே அவர் சோறு போட்டார்.

தண்ணீருக்கு, ஒழுங்கையில் இடிபடாமல் எஞ்சிய ஒரே பழைய வீட்டுக் கிணறு. வீட்டுக்காரர் கேற்றைத் திறந்தே வைத்தார். கீழ் மாடிப் பெடியன்கள் வாளிகளோடு படியேறினார்கள். நான்காம் மாடியில் தனியே இருக்கும் தம்பதிக்கு இருவருக்குமாக நூற்றைம்பது வயதுக்கு மேல், பிள்ளைகள் மூவரும் வெளிநாடு. அந்த நாட்களில் அவர்கள் படியிறங்கவே இல்லை. இரவில் கதவைத் தட்டி இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போனேன்.

அண்ணாவிடம் சொன்னபோது அவர் 2003 ஓகஸ்ட் 14 ஐ நினைவுபடுத்தினார். அன்றைக்கு ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அவரும் தன் தொடர்மாடிப் படிகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். "அங்க எங்களுக்குக் கிணறு இல்லை. உங்களுக்கு இருந்ததை மூடிப்போட்டம்" என்றார். அதன் பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது எங்கள் முகாமைத்துவக் குழுவில் ஒரு பிரேரணை இருக்கிறது. மூடிய கிணற்றின் மேல் தளத்தைப் பலப்படுத்தி இரண்டு கார் நிறுத்த இடம் செய்யலாம் என்கிறார்கள். நானும் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் வேறொரு பிரேரணை கொடுத்திருக்கிறோம்: பலகையை உடைத்து, கிணற்றை இறைத்து, தண்ணீரைச் சோதித்து, கையால் இயக்கும் ஒரு பம்பி வைக்க வேண்டும். குடிக்க உதவாது, அது எங்களுக்கும் தெரியும். இத்தனை மலக்குழி பக்கத்தில் இருக்கிறதே. கழிப்பறைக்கும் கழுவுவதற்கும் போதும். இடியப்பக்கார அக்காவுக்கு முற்றத்தின் ஓரத்தில் கூரை போட்ட ஓர் அடுப்படி ஒதுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறோம், அதற்கு எதிர்ப்பு இன்னும் கூட.

வாக்கு வீட்டு உரிமையாளர்களுக்குத்தான். அண்ணாவின் வாக்கு வந்துவிட்டது, கிணற்றுக்கே. நான்காம் மாடிப் பிள்ளைகள் மூவரில் ஒருவர் சம்மதம் எழுதியிருக்கிறார். மெல்பேர்னில் இருப்பவருக்குக் கார் இடந்தான் வீட்டின் விலையைக் கூட்டும் என்று எண்ணம். லண்டனில் இருப்பவர் பதிலே அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை லண்டனில் விடிந்ததும் இருவருக்கும் வீடியோ கோல் எடுத்து, போனைக் கையில் பிடித்தபடி அந்த ஐந்து மாடிப் படியையும் ஏறிக் காட்டப் போகிறேன்.