கேமரா எப்போது ரிஜெக்ட்? பாடியிலிருந்து டோக்கியோவுக்கு ஒரு மனு

அனுப்புநர்:
பொழுதுபோக்குப் புகைப்படக்காரன் ஒருவன்,
திருவலிதாயம் கோயிலுக்கு நடக்கிற தூரம்,
பாடி, சென்னை – 600 050.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
‘சிபா’ என்கிற கேமரா, படக்கருவி உற்பத்தியாளர் சங்கம்,
டோக்கியோ, ஜப்பான்.

பொருள்: நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் கேமராவை எந்த நாளில் வேண்டாம் என்று ஒதுக்கலாம் என்பதற்குத் தரநிலை வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் ஆண்டுதோறும் யோகோகாமாவில் நடத்தும் ‘சிபி பிளஸ்’ கண்காட்சி; அதைத் தொடர்ந்து எங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பாடி என்பது சென்னையின் மேற்குப் பகுதியில், கொரட்டூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர். கேமரா உடலையும் நாங்கள் ‘பாடி’ என்றுதான் சொல்கிறோம். அதில் ஊர்க்காரர்களுக்குப் பங்கில்லை. 1960களில் இங்கே தொழிற்சாலைகள் வரிசையாக எழும்பின. ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், சக்கரம், போல்ட், நட்டு என்று வண்டிக்கு வேண்டிய சாமான் பாதி இந்த வட்டாரத்தில் உருவாகிறது. அப்படிப்பட்ட ஓர் ஆலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அளப்பதும், தேறாததை ஒதுக்குவதும் என் பிழைப்பு. அந்தத் தகுதியில்தான் இந்த மனு.

எங்கள் ஆய்வறையில் ஒரு வெர்னியர் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சரக்கு. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அதன் மேல் எழுத்து தேய்ந்திருந்தது. ஆண்டுக்கு ஒரு தரம் காலிபரேஷனுக்குப் போகும், தேறும், ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்பும். அளவு தப்பினால் அன்றைக்கே வெளியே. தப்பாதவரை அதைப் பழசு என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. புதுசு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மேலாளர் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: “இது என்ன தப்பாக் காட்டுச்சு?”

வீட்டில் 24 மெகாபிக்சல் கேமரா ஒன்று, கிட் லென்ஸ் ஒன்று, ஐம்பது எம்எம் பிரைம் ஒன்று. அவை எதையும் தப்பாகக் காட்டவில்லை. இருந்தும் யோகோகாமாவில் நீங்கள் பந்தல் போட்டதும் பாடியில் என் கேமரா பழசாகிவிடுகிறது. இந்த அதிசயம் எந்தத் தரநிலையின் கீழ் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தரநிலை வகுப்பதில் உங்களுக்கு இருக்கும் கைவண்ணத்தை மெச்சுகிறேன். ஒரு சார்ஜில் இத்தனை படம் என்று கேமராக் கையேட்டில் போடுகிறார்களே, அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை உங்களுடையது. அறை வெப்பம் 23 டிகிரி. 30 வினாடிக்கு ஒரு படம். உள்ளேயே ஃப்ளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒரு படத்துக்கு மின்ன வேண்டும். பத்துப் படத்துக்கு ஒரு தரம் அணைத்துப் போட வேண்டும். என் தொழிலில் இருப்பவன் இதைப் படித்தால் கையெடுத்துக் கும்பிடுவான். ஒரே ஒரு சங்கடம், மே மாதம் பாடியில் 23 டிகிரி கிடைக்கும் இடம் ஏசி ஷோரூம்தான். அங்கே நின்று பார்த்தால் எந்தக் கேமராவும் அவசியமாகத்தான் தெரிகிறது.

எட்டரை ஸ்டாப் வரை கை நடுக்கத்தைத் தாங்கும் என்று இப்போது விளம்பரம் வருகிறது. அதையும் உங்கள் முறைப்படிதான் அளக்கிறார்கள். கை நடுக்கத்தை அளந்தவர்கள் மன நடுக்கத்தை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் திருவலிதாயம் குரு தலம். சாபம் நீங்குவதற்காகக் குரு பகவான் இங்கே வந்து சிவனை வழிபட்டார் என்பது தலபுராணம். குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓராண்டு இருப்பார். பெயர்ச்சி அன்று கோயிலில் கூட்டம் அலைமோதும். உங்கள் உறுப்பினர் நிறுவனங்களும் கிட்டத்தட்ட அதே கணக்கில் மாடல் பெயர்ச்சி நடத்துகின்றன. பெயர்ச்சிக்கு முன்னால் வதந்தி, அன்றைக்கு அறிவிப்பு, மறுநாளிலிருந்து எந்தெந்தக் கேமராக்காரர்களுக்குப் பாதகம் என்று யூடியூப் ஜோசியர்களின் பலன். கோயிலில் பரிகாரம் ஒரு கொண்டைக்கடலை மாலையோடும் மஞ்சள் துணியோடும் முடிகிறது. உங்கள் பரிகாரத்துக்குப் பழைய பாடியைக் கொடுத்து, மேலே ஒரு லட்சம் வைக்க வேண்டியிருக்கிறது.

சில சமயம் ராசியே காணாமல் போகிறது. கேனன் 2012-இல் கொண்டுவந்த இஎஃப்-எம் மவுண்ட் 2023-இல் முடிவுக்கு வந்தது. அதை நம்பி லென்ஸ் சேர்த்தவர்கள் எந்தக் கோயிலுக்குப் போவார்கள்? 1959-இல் பிறந்த நிக்கான் எஃப் மவுண்ட்டின் பழைய லென்ஸ்கள் திருவல்லிக்கேணி எல்லீஸ் ரோட்டில் இன்றைக்கும் கைமாறுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களால் முடியாத காரியமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நீங்களே வெளியிட்ட கணக்குதான்: 2010-இல் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல், 2023-இல் சுமார் 77 லட்சம். கல்யாணம், காதுகுத்து, கொடைக்கானல் என்று ஆண்டுக்கு நாலு தரம் கேமராவைத் தொட்ட ஜனமெல்லாம் கைபேசிக்குப் போய்விட்டது. திருப்திக்காரர்கள் போய் ஆசைக்காரர்கள் மிஞ்சினோம். ஊருக்கெல்லாம் ஒரு தரம் விற்ற காலம் போய், ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப விற்க வேண்டிய காலம் உங்களுக்கு வந்திருக்கிறது. அதற்கு அவன் கையில் இருப்பது கெட வேண்டும். கேமராவை நீங்கள் அநியாயத்துக்கு நன்றாகச் செய்து தொலைத்துவிட்டதால் அது கெட மாட்டேன் என்கிறது. ஆகவே ஆள் கெட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எங்கள் தரப்புச் சாட்சி ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறேன். பெயர் மா. கிருஷ்ணன். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னைவாசி. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் சாகும்வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர், பத்மஸ்ரீ விருது பெற்றவர். தென்னிந்தியக் காடுகளின் யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவருடைய கேமரா எந்தக் கம்பெனி என்று உங்கள் ஆவணத்தில் தேடிப் பயனில்லை. ஒன்றின் உடல், இன்னொன்றின் லென்ஸ், நடுவில் தாமே பொருத்திய பாகங்கள் என்று கட்டிக்கொண்ட கருவி அது. ‘சூப்பர் பாண்டெரோஸா’ என்று அவரே அதற்குப் பெயரும் வைத்தார். பெயரைச் சொன்னாலே தோள் வலிக்கிறது.

உங்கள் அட்டவணையில் அந்தக் கருவி எத்தனை மதிப்பெண் வாங்கும்? ஆட்டோஃபோகஸ், பூஜ்யம். வினாடிக்கு எத்தனை படம் என்ற கேள்வியே அதற்குப் புரியாது. விலங்கின் கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி, கிருஷ்ணனின் சொந்தக் கண்.

அவரை ஆசையற்ற முனிவராக்க நான் வரவில்லை. ஆசை இல்லாதவன் ஒரு கேமராவின் லென்ஸைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்ப்பானா? கருவிப் பைத்தியத்தில் அவர் எங்களுக்குப் பாட்டன். ஆனால் தன் கருவி எங்கே போதவில்லை என்பது அவருக்குக் காட்டில் தெரிந்தது. எனக்கு அது சோபாவில் தெரிகிறது. காலிபரேஷன் என்று நாங்கள் சொல்வதை அவர் யானையை வைத்து நடத்தினார். நான் அடுத்தவனின் விமர்சன வீடியோவை வைத்து நடத்துகிறேன். என் கேமரா ஒவ்வொரு முறையும் ஃபெயில்.

எங்கள் ஊரில் இந்த வழக்கு இன்னும் பழையது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1850களில் சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்தார். பெரிய கேமராவையும் மெழுகுத்தாள் நெகட்டிவ்களையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்கைப் புரட்டினார். இப்போதிருக்கும் நிதி நிலைமைக்கு இது பெரிய ஆடம்பரம் என்று சொல்லி இழுத்து மூடினார். எங்கள் வீட்டில் ட்ரெவெல்யன் பதவியை என் துணைவியார் வகிக்கிறார். ஒரே வித்தியாசம், ட்ரைப்பிடம் எடுத்துக் காட்டப் படம் இருந்தது.

தெருமுனை ஸ்டுடியோ அண்ணன் கல்யாணத்துக்குத் தூக்கிப்போகும் கேமராவில் கைப்பிடி ரப்பர் உரிந்து, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. ஷட்டர் கவுண்ட் எவ்வளவு என்றால் சிரிப்பார். “இன்னா தம்பி, ஃபுல் ஃப்ரேமுக்குப் போகப் போறியாமே?” என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டார். லோ லைட், டைனமிக் ரேஞ்ச் என்று நான் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் கரெக்டுதான்பா. லைட்டு இருக்கறப்ப நீ ஏன் வெளிய வர மாட்டேன்ற?” என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு எழுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பிக்சல் கணக்குக்கு வருகிறேன். 4கே டிவியின் திரையில் மொத்தம் இருப்பதே சுமார் 83 லட்சம் பிக்சல். ஃபுல் எச்டி என்றால் 21 லட்சம். என் மச்சான் வாட்ஸ்அப்பில் பார்த்துக் கட்டைவிரல் காட்டுவது அதற்கும் குறைவான படத்துக்கு. இதற்காக நான் 45 மெகாபிக்சலுக்குத் தாவ வேண்டும் என்கிறீர்கள். அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருளின் டாலரன்ஸைவிடப் பத்து மடங்கு நுட்பமாக இருந்தால் போதும் என்பது பட்டறை வழக்கம். நூறு மடங்குக் கருவிக்கு ஆர்டர் போட்டால் கொள்முதல் பிரிவில் விசாரணை வைப்பார்கள்.

பணம் பற்றி அதிகம் பேசவில்லை, பேசினால் ட்ரெவெல்யன் எழுந்து வந்துவிடுவார். கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மிச்சமான பத்து சதவீதத்துக்கு ட்ரைபாட் வாங்கி, மொத்தத்தில் லாபம் என்று எழுதிவைத்தவர்கள் எங்கள் குடியிருப்பில் உண்டு. வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆசைக்காரன் சுற்றறிக்கை படிப்பதில்லை.

கொரட்டூர் ஏரிக்கு 600 எம்எம் இல்லாமல் போகக் கூடாது என்று ஒரு கட்சி. கூழைக்கடா நடுத் தண்ணீரில்தான் இருக்கும், உண்மை. தாழைக்கோழியும் முக்குளிப்பானும் கரையோரம் வருவதைப் பற்றி அந்தக் கட்சி பேசுவதில்லை. ஏரியில் கலக்கும் கழிவுநீர் நீண்ட லென்ஸில் கூடுதல் துல்லியமாகத் தெரியும் என்பதையும் ஒரு சிறப்பம்சமாக நீங்கள் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். திருவலிதாயத்தின் தூங்கானை மாட விமானத்துக்கோ கிட் லென்ஸ் தாராளம். பிராகாரத்தில் கொஞ்சம் பின்னால் நகர வேண்டும், அவ்வளவுதான்.

நியாயமான ரிஜெக்ட் எங்கள் ஊரில் ஒன்று உண்டு. அது ஃபங்கஸ். சென்னைக் காற்றின் ஈரத்தில், எடுக்காமல் வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை படரும். அடிக்கடி வெளியே எடுத்து வெயிலும் காற்றும் காட்டினாலே பாதிப் பயம் போகும். நாங்கள் என்ன செய்கிறோம்? ட்ரை கேபினட் வாங்குகிறோம். உள்ளே ஈரப்பதம் 45 சதவீதம், சின்ன விளக்கு, பூட்டு. பக்கத்தில் மகளின் பாடப் புத்தகங்கள் தரையில்.

ஆகவே, ஐயா, கேமராவுக்கு ஒரு ரிஜெக்ட் தரநிலை வேண்டும். சோதனை முறையை நானே எழுதித் தருகிறேன். உரிமையாளர் ஓராண்டுக் கணக்கை இரண்டு பத்தியாகப் பிரிக்க வேண்டும்: கேமராவின் குறையால் கெட்ட படங்கள் முதல் பத்தி, படுக்கையை விட்டு எழுந்திருக்காததால் எடுக்கப்படாமலே போன படங்கள் இரண்டாம் பத்தி. முதல் எண் இரண்டாவதைத் தாண்டினால் மட்டுமே கேமரா ரிஜெக்ட். வெப்பநிலை 23 டிகிரி அல்ல, பாடியின் மே மாதம். கையெழுத்திடும் நாள், பள்ளிக் கட்டணம் கட்டிய ஜூன் முதல் வாரத்தில் அமைய வேண்டும். ரிஜெக்ட் சான்றிதழைப் பார்க்காமல் கடையில் புது பாடிக்கு பில் போடக் கூடாது. தொழில்காரர்களுக்கு விலக்கு தரலாம்; ஸ்டுடியோ அண்ணனுக்கு அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை.

இந்தத் தரநிலையை வெள்ளோட்டம் பார்க்க ஆள் வேண்டுமென்றால் பாடியில் நான் தயார். சோதனைக்கு அனுப்பும் கேமரா இன்னும் சந்தைக்கு வராத மாடலாக இருக்கட்டும். கூடவே அந்த 600 எம்எம். சோதனை முடிந்த பிறகு இரண்டையும் திருப்பிக் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
பாடிவாசி

நகல்: துணைவியார் அவர்கள், வீட்டு நிதித்துறை. கடைசிப் பத்தி நீக்கப்பட்டது.