அடுத்த மாசம் பார்க்கலாம்

ஹைதராபாத் பேகம்பேட்டில், பிரகாஷ் நகர் பக்கம் ஓர் அடுக்ககத்தில் ஒருவர் இருக்கிறார். பேங்கில் ரிடையர் ஆனவர், பூர்வீகம் கும்பகோணம். கம்ப்யூட்டரில் பேரன் போட்டோ பார்ப்பார், டெபாசிட் வட்டியை எக்செலில் கூட்டுவார், சீட்டு ஆடுவார். மீதி நேரமெல்லாம் புது விண்டோஸ் போடலாமா வேண்டாமா என்ற யோசனைதான்.

"ஊரார் போட்டுப் பார்க்கட்டுமே" என்பது அவர் கொள்கை. 2007-ல் விஸ்டாவையும், 2012-ல் ஸ்டார்ட் பட்டனே இல்லாமல் வந்த எட்டையும் அப்படித்தான் தாண்டினார். இரண்டிலும் ஊரார் தலையில் அடித்துக்கொண்டார்களா, அப்புறம் மனுஷரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தோற்றது எக்ஸ்பி விஷயத்தில்தான். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதைக் கைகழுவிவிட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சத்ய நாதெள்ளா மைக்ரோசாஃப்ட் தலைமைக்கு வந்திருந்தார். படித்தது இதே பேகம்பேட் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல். "நம்ம ஏரியா பையன், வந்ததும் வராததுமா எக்ஸ்பி மேலயா கை வைக்கணும்?" அந்தத் தேதி எப்போதோ குறித்தது என்றால் காதில் ஏறாது. வாக்கிங்கில் அந்தப் பள்ளி கேட்டுக்கு இன்றும் ஒரு முறைப்பு உண்டு.

விண்டோஸ் பத்துக்கு 2025 அக்டோபர் 14 கெடு என்றதும், செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரிலிருந்து ஒரு பையன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். பிராசஸர் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் பதினொன்று எட்டாம் தலைமுறைக்குக் கீழே இன்டெல்லை ஏற்காது. டிபிஎம் 2.0 வேறு வேண்டும். போர்டோடு மாற்றணும் சார் என்றான். "நல்லா ஓடிட்டிருக்கிற மிஷினை ஏண்டாப்பா?" காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

மனைவியின் லேப்டாப்பில் பதினொன்று எப்போதோ ஏறியாயிற்று, மகன் உபயம். எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாளிடம் ரகசியமாக விசாரித்தார். "ஸ்டார்ட் பட்டன் நடுவுல வந்திருக்கு, அவ்வளவுதான்." இத்தனை வருஷ ஆராய்ச்சியில் இப்படியொரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் மைக்ரோசாஃப்டே இறங்கி வந்தது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் உண்டாம். லிஃப்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார், ஏதோ தானே பேசி வாங்கிக் கொடுத்ததுபோல.

எதிர் ஃப்ளாட்காரர் அவரை நம்பி, "அப்ப நான் என்ன சார் பண்ணட்டும்?" என்று கேட்டார்.

"உங்களுக்கென்ன, இன்னைக்கே பதினொண்ணு போட்டுடுங்க. ஒரு மாசம் கழிச்சு எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."