எச்சில் சொல்லும் வம்சக் கதை

கேள்வி: எச்சிலைக் கொடுத்தால் நம் வம்சமே எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்களாமே, நிஜமா?
- நெசவாளர் ஒருவர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: பாதி நிஜம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமின் டிஎன்ஏவில் எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும்; எச்சிலில் தேடுவது அந்த மாற்றத்தைத்தான். உங்கள் பாவில் ஓர் இழை நிறம் மாறினால் சேலை முடியும்வரை அந்தக் கோடு ஓடுகிறதே, அப்படி மகன் வழி ஆண் வாரிசுகள் அத்தனை பேரிடமும் அது தொடரும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு, உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற மாற்ற அடையாளத்தைக் கண்டது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருப்பது அதே அடையாளம்! அதாவது, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி ஆஸ்திரேலியா போனவர்கள் நம் ஊர் வழியாகவும் போயிருக்கிறார்கள்.

அக்குழுவினரின் 2012 ஆய்வு, தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களைப் பற்றியது. இச்சமூகங்கள் பிரியத் தொடங்கியது 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன், வேளாண்மை பரவியபோது; சாதி அமைப்புக்கும் முந்தி என்றது அது.

மீதிப் பாதி? பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர். ஒய் சொல்வது அதில் ஒரே ஒருவர் கதை. அதை வைத்து யாராவது சாதிச் சான்றிதழ் நீட்டினால், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.