மான் வரும் மனை

டென்வர் தமிழர் வீட்டு விருந்தில் இனி யாராவது நிலம் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுவேன். சாப்பிட்ட பிறகுதான்; ஆனாலும் வந்துவிடுவேன். போன சனிக்கிழமை நண்பர் ஒருவர் என்னைக் கைகூடக் கழுவவிடாமல் போனை நீட்டினார். "35 ஏக்கர் சார், மலையடிவாரம். எல்க் மான் தானா வந்து நிக்குமாம். வேட்டைக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்." இவர் வீட்டில் கரப்பான் பூச்சியை அடிப்பது இவர் மனைவி.

சாதக பாதகம் சொல்லுங்கள் என்றார். சாதகத்திலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகம்: இவர் வாங்கப்போவது எதை?

மானை இல்லை. கொலராடோவில் காட்டு விலங்கு மாநிலத்தின் சொத்து. 300 கிலோ ஆண் எல்க் உங்கள் திண்ணையிலேயே படுத்திருந்தாலும் லைசென்ஸும் சீசனும் இருந்தால்தான் சுடலாம். நிலக்காரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கு 160 ஏக்கராவது வேண்டும். சுட்ட மான் தள்ளாடிப் போய் அடுத்தவர் நிலத்தில் விழுந்தால் அவரைக் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. சரி, மண்ணுக்கு அடியில்? கனிம உரிமையை எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் தனியாகப் பிரித்து விற்றிருப்பார். ஓடைத் தண்ணீர்? யார் முதலில் வாய்க்கால் வெட்டினாரோ அவர் வாரிசுக்குப் போக மிச்சம். மழை? கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்க வீட்டுக்காரர்களுக்குப் பொதுவாக வழிவிட்டதே 2016-இல்தான். அதுவும் இரண்டே பீப்பாய், மொத்தம் 110 கேலன். புல்லாவது? பக்கத்துப் பண்ணை மாடு வந்து மேய்ந்துவிட்டுப் போனால், வேலி போடாத உங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. வரி ரசீது மட்டும் முழுக்க முழுக்க உங்கள் பெயரில் வரும்.

அதென்ன 35? ராசி எண் என்று நண்பர் நினைத்திருக்கிறார். அதற்குக் குறைந்தால் மனைப்பிரிவு அனுமதிக்குக் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் அலைய வேண்டும் என்று 1972-இல் சட்டம் போட்டார்கள். அன்றிலிருந்து மேய்ச்சல் நிலத்தையெல்லாம் அந்த அளவில் நறுக்கி விற்கிறார்கள். எல்க்குக்கு இந்தக் கணக்கு தெரியாது. கோடையில் மலைமேல் இருக்கும், பனி கொட்டினால் கீழே இறங்கும், நடுவில் இவர் மனையை ஒரு நடையில் கடந்துவிடும்.

இவ்வளவும் சொன்னேன். நண்பர் பொறுமையாகக் கேட்டார்.

"சுடவா சார் வாங்கறேன்? அஞ்சு வருஷம் போட்டு வெச்சா டபுள்."

"யார் வாங்குவார்?"

"நம்ம ஆளுங்கதான். சென்னையிலேர்ந்து புதுசா ஒரு தம்பி வந்திருக்கான், இப்பவே கேட்கறான்."